உபுண்டு மெஷின்கள் எல்லாத்துக்கும் ஒரே இடத்திலிருந்து செட்டிங்ஸ்: வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. ராணிப்பேட்டையில ஒரு தோல் ஏற்றுமதி ஆபீஸ்ல சிஸ்டம் பார்த்துக்கிறேன். வேலூர் கிளையையும் சேர்த்து சுமார் 40 மெஷின். எல்லாமே உபுண்டு (இலவச லினக்ஸ்), க்னோம் டெஸ்க்டாப். விண்டோஸ், அதோட குரூப் பாலிசி (எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்திலிருந்து செட்டிங் போடுற வசதி)னு மட்டும் சொல்லாதீங்க, முதலாளி லைசென்ஸ் செலவுக்கு ஒத்துக்க மாட்டார்.

டிகான்ஃப்ல (க்னோம் செட்டிங்ஸைச் சேமிச்சு வைக்கிற இடம்) எல்லா யூசருக்கும் பொதுவான சிஸ்டம் டேட்டாபேஸ் வச்சு, கீஃபைல்களை (செட்டிங்ஸ் எழுதின டெக்ஸ்ட் ஃபைல்கள்) ஆன்சிபிள் (பல மெஷின்ல ஒரே வேலையைத் தானா ஓட்டுற டூல்) மூலமா அனுப்பி, 'டிகான்ஃப் அப்டேட்' ஓட்டுறேன். ஸ்கிரீன் லாக் 5 நிமிஷம்னு லாக்ஸ் ஃபோல்டர்ல எழுதிப் பூட்டியாச்சு. யாராலும் மாத்த முடியல. டீ குடிச்சிட்டு வந்தா பாஸ்வேர்டு கேக்குதுனு கணக்குப் பிரிவு அண்ணன் முறைக்கிறார், அது வேற கதை.

மாட்டிக்கிட்டது கீபோர்டுல. தமிழ்99 லேஅவுட் எல்லாருக்கும் டிஃபால்ட்டா வரணும், ஆனா பூட்டக் கூடாது; விருப்பப்பட்டவங்க மாத்திக்கலாம். புது யூசருக்குச் சரியா வருது. பழைய யூசர் ஏற்கெனவே வச்சிருந்த மதிப்புதான் ஜெயிக்குது. அதை ரீசெட் பண்ணலாம்னா, ஆன்சிபிள் ரூட்டா (அட்மின் யூசரா) ஓடுறதால ரூட்டோட செட்டிங்தான் அழியுது. ஒவ்வொரு யூசர் பேர்லயும் டிபஸ் செஷன் (புரோகிராம்கள் தங்களுக்குள்ள பேசிக்கிற இணைப்பு) திறந்து ரீசெட் ஓட்டுறீங்களா, இல்ல வேற சுலபமான வழி இருக்கா?

இன்னொண்ணு. கணக்குப் பிரிவுக்கும் டிஸ்பாட்ச்சுக்கும் தனித்தனி புரொஃபைல் வேணும். எந்த டிகான்ஃப் புரொஃபைல்னு சொல்ற என்விரான்மென்ட் வேரியபிளை, வேலேண்ட் (க்னோம் திரையைக் காட்டுற புது முறை) செஷனும் எடுத்துக்கிற மாதிரி எந்த ஃபைல்ல போடுறது?

புது செட்டிங் வர லாகவுட் பண்ணணும். எங்க ஆளுங்க மானிட்டரை மட்டும் அணைச்சிட்டு வீட்டுக்குப் போயிடுறாங்க. ராத்திரி தானா லாகவுட் ஆக வச்சிருக்கிறவங்க, சேவ் பண்ணாத ஃபைல்களை எப்படிச் சமாளிக்கிறீங்கனும் சொல்லுங்க.