மணிக்கட்டு ரிப்போர்ட்ல 'டார்சல்'னு போட்டிருக்கே, எந்தப் பக்கம்?

மாட்டுங்கா வாசி:
அம்மாவுக்கு 67 வயசு. எங்க சால் (மும்பை வரிசை வீட்டுக் குடியிருப்பு) படியில மழை ஈரம் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்துட்டாங்க. எக்ஸ்ரே ரிப்போர்ட்ல 'டிஸ்டல் ரேடியஸ் ஃபிராக்சர், டார்சல் டில்ட்'னு இருக்கு. தேடினா டார்சல்னா முதுகுப்பக்கம்னு வருது. மணிக்கட்டுக்கு ஏது முதுகு? அம்மா வேற "யார் ரிப்போர்ட்டையோ மாத்திக் குடுத்துட்டானுங்க"ன்னு புலம்புறாங்க. கையைத் திருப்பி வச்சா பக்கம் மாறுமா?

எக்ஸ்ரே ரூம் அண்ணாச்சி:
ரிப்போர்ட் மாறலை தம்பி. சயான் பக்கம் ரொம்ப வருஷம் எக்ஸ்ரே எடுத்தவன் சொல்லுதேன். கையில டார்சல்னா புறங்கைப் பக்கம். உள்ளங்கைப் பக்கத்துக்கு வோலார், இல்லன்னா பாமர். எப்படித் திருப்பினாலும் மாறாது. ஆள் நேரா நின்னு, கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையை முன்னால காட்டுற மாதிரி வச்சுத்தான் எல்லாப் பேரும். படுத்துக் கிடந்தாலும் அதே கணக்கு. பாதத்துல டார்சல்னா மேல்பக்கம். அங்க தொட்டுப் பாக்குற நாடிக்குப் பேரே டார்சாலிஸ் பெடிஸ்.

ரேடியஸ்ங்கிறது கட்டைவிரல் பக்கத்து எலும்பு. டிஸ்டல்னா தோளை விட்டுத் தள்ளியிருக்கிற முனை, அதாவது மணிக்கட்டு முனை. அது இயல்பா உள்ளங்கைப் பக்கமா 11 டிகிரி போல சாஞ்சிருக்கும். கையை ஊன்றி விழும்போது உடைஞ்ச துண்டு புறங்கைப் பக்கம் மலந்துடும். அதான் டார்சல் டில்ட். பக்கத்துலருந்து பாத்தா முள்கரண்டி வளைவு தெரியும். டப்ளின் டாக்டர் ஆபிரகாம் காலிஸ் இதை 1814லயே எழுதிட்டாரு. எக்ஸ்ரே வந்ததே 1895ல. படமே இல்லாம கண்டுபிடிச்ச மனுஷன்! இப்ப படம் இருந்தும் வீட்டு ஆளுக்கு ரெண்டு வார்த்தை விளக்க யாருக்கும் நேரமில்ல.

உள்ளங்கையைக் கவுத்தி எடுத்த படத்துல இந்தச் சாய்வு சரியாத் தெரியாது. பக்கவாட்டுப் படத்தைப் பாருங்க.

பரேல் மாட்டு டாக்டர் (இன்னும் படிக்கிறேன்):
எங்க பாடத்துல இன்னும் கூத்து. நாய்க்கு முதுகு மேல இருக்கிறதால உடம்புல டார்சல்னா மேல்பக்கம். ஆனா முன்னங்கால்ல, மணிக்கட்டுலேர்ந்து கீழ, முன்பக்கம்தான் டார்சல், பின்பக்கம் பாமர். நாய் புறங்கையை முன்னால காட்டி நடக்குதுன்னு வச்சுக்கிட்டா குழப்பமில்லை.

மாட்டுங்கா வாசி:
நன்றி அண்ணாச்சி. புறங்கைன்னு சொன்னதும் அம்மா அடங்கிட்டாங்க. பழைய முதுகு எக்ஸ்ரேல 'டி12 வெட்ஜிங்'னு இருந்துச்சு. அந்த 'டி'யும் டார்சல்தானா?

எக்ஸ்ரே ரூம் அண்ணாச்சி:
ஆமா. விலா எலும்பு சேருற 12 முள்ளெலும்பையும் நம்மூர்ல டார்சல் ஸ்பைன்னு எழுதுவாங்க. புத்தகத்துல தொராசிக்னு இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான். வெட்ஜிங்னா அந்தக் கடைசி எலும்பு முன்பக்கம் நசுங்கியிருக்கு.

இதைக் கொஞ்சம் கவனிங்க தம்பி. அந்த வயசுல நின்ன இடத்துலருந்து விழுந்து மணிக்கட்டு உடைஞ்சிருக்கு, முதுகெலும்பும் நசுங்கியிருக்குன்னா எலும்பு வலுவிழந்திருக்கலாம். எலும்பு அடர்த்தி பாக்குற டெக்ஸா ஸ்கேன் எடுக்கணுமான்னு கட்டுப் போட்ட டாக்டர்கிட்டயே கேளுங்க. பழைய படத்தையும் கையோட கொண்டு போங்க. அதுக்கு நடுவுல விரல் நீலமாகவோ மரத்துப்போகவோ செஞ்சா டாக்டர் குடுத்த தேதி வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க, உடனே போங்க.