ராபிட்எம்கியூ: காலை நேரத்தில் மெமரி அலாரம், கன்ஸ்யூமரைக் கூட்டியும் க்யூ வடியவில்லை

லாரித்தடம்:

வணக்கம். நாமக்கல்லில் லாரிகளுக்கும் ஆம்னி பேருந்துகளுக்கும் ஜிபிஎஸ் கண்காணிப்பு தரும் ஒரு சிறிய நிறுவனத்தில் சர்வர் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன். வண்டியில் இருக்கும் ஏஐஎஸ் 140 (வாகன இடங்காட்டிக் கருவிகளுக்கான இந்தியத் தரம்) கருவி எங்கள் கேட்வேக்குப் பாக்கெட் அனுப்பும். கோ மொழியில் எழுதிய அந்த கேட்வே அதை ராபிட்எம்கியூவில் (செய்திகளை வரிசையில் வைத்து எடுத்துக்கொடுக்கும் மென்பொருள்) 'இடம்' என்ற ஒரே க்யூவில் (வரிசையில்) போடும். பைத்தான் கன்ஸ்யூமர்கள் (பிகா நூலகம்) எடுத்து போஸ்ட்கிரெஸ்ஸில் எழுதும். வண்டி குறித்த எல்லையைத் தாண்டினால் அதே கன்ஸ்யூமர் 'எச்சரிக்கை' க்யூவுக்கு ஒரு செய்தி போடும். ராபிட் உபுண்டு 22.04 உடன் வரும் 3.9.13. 4 கோர், 4 ஜிபி ரேம். கான்ஃபிக் எல்லாம் வந்தபடியே இருக்கிறது.

சாதாரண நேரத்தில் நொடிக்கு 400 செய்திகள் போல வரும், ஒரு தொல்லையும் இல்லை. காலையில்தான் சிக்கல். திம்பம் மலைப்பாதையில் இரவில் கனரக வண்டிகளுக்குத் தடை. 6 மணிக்குத் திறந்ததும் மொத்தமாக ஏறி இறங்குகின்றன. சிக்னல் இல்லாத இடத்தில் சேர்த்து வைத்ததையெல்லாம் சிக்னல் கிடைத்ததும் கருவிகள் ஒரே மூச்சில் கொட்டுகின்றன. நொடிக்கு 3,000 வரை போகிறது. கொஞ்ச நேரத்தில் மெமரி அலாரம் (ரேம் வரம்பைத் தாண்டியதும் ராபிட் புதிய செய்திகளை நிறுத்துவது), கேட்வே நின்றுவிடும்.

புரியாதது இதுதான். புதிதாக எதுவும் உள்ளே வராதபோது க்யூ வடிய வேண்டுமே? வடியவில்லை. அன்அக்டு (கன்ஸ்யூமரிடம் கொடுத்தும் 'முடிந்தது' என்ற பதில், அதாவது அக், வராத செய்திகள்) எண்ணிக்கை அசையாமல் அப்படியே நிற்கிறது. கன்ஸ்யூமரை 4-லிருந்து 12 ஆக்கினேன், புதியவை சும்மா உட்கார்ந்திருக்கின்றன. அரை மணி நேரம் கழித்து லாகில் 1800000 மில்லிசெகண்ட் டைம்அவுட் என்று வந்து சேனல்கள் (ஒரு கனெக்‌ஷனுக்குள் ஓடும் தனிப் பாதைகள்) மூடுகின்றன. அன்அக்டு எல்லாம் திரும்ப ரெடி (கொடுக்கப்படக் காத்திருப்பவை) கணக்குக்குப் போய், டேட்டாபேஸில் ஒரே இடம் இரண்டு முறை பதிவாகிறது.

தரவுத்தச்சன்:

மெமரி வாட்டர்மார்க் (ரேமில் எத்தனை பங்கு நிரம்பினால் அலாரம் என்ற வரம்பு) 0.4 தான் இருக்கும், அதாவது 1.6 ஜிபியிலேயே அலாரம் அடிக்கும். 0.7 ஆக்கிப் பாருங்கள், முடிந்தால் ரேமையும் 8 ஆக்குங்கள். கன்ஸ்யூமர் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகக் கமிட் செய்கிறதா? அப்படியென்றால் 3,000-ஐ போஸ்ட்கிரெஸ் தாங்காது.

வரிசைக்காரன்:

0.7 வேண்டாம் சார். எர்லாங் (ராபிட் எழுதப்பட்ட மொழி) குப்பை அள்ளும்போது, அதாவது பயன்படாத மெமரியைத் திரும்ப எடுக்கும்போது, ஒரு பிராசஸ் மோசமான நேரத்தில் தன் மெமரியைப் போல இரண்டு மடங்கு கேட்கும். அந்த இடைவெளிக்காகத்தான் பழைய பதிப்புகளில் 0.4 என்று வைத்திருந்தார்கள். 4 ஜிபி மெஷினில் 0.7 வைத்தால் அலாரத்துக்குப் பதில் லினக்ஸே ராபிட்டைக் கொன்றுவிடும். அதோடு, இங்கே ரேம் கூட்டினால் அதே நிலைக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்து சேர்வீர்கள், அவ்வளவுதான்.

லாரித்தடம் தம்பி, நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: "அதே கன்ஸ்யூமர் எச்சரிக்கை க்யூவுக்கு ஒரு செய்தி போடும்". அதே கனெக்‌ஷனில்தானே போடுகிறது? அலாரம் அடித்ததும் ராபிட் என்ன செய்கிறதென்றால், பப்ளிஷ் செய்யும் (செய்தி போடும்) கனெக்‌ஷன்களின் சாக்கெட்டிலிருந்து படிப்பதையே நிறுத்திவிடும். அந்தக் கனெக்‌ஷன் எடுக்கிற வேலையும் சேர்த்துச் செய்கிறதா என்று அது பார்க்காது. உங்கள் கன்ஸ்யூமர் போஸ்ட்கிரெஸ்ஸில் எழுதி முடித்து அக் அனுப்புகிறது. அந்த அக் சாக்கெட்டிலேயே கிடக்கிறது, ராபிட் படிக்கவில்லை. அக் வராததால் மெமரி விடுபடவில்லை. மெமரி விடுபடாததால் அலாரம் இறங்கவில்லை. 30 நிமிடம் ஆனதும் அக் டைம்அவுட், 1800000 என்பது அதுதான். சேனல் போகிறது, செய்தி எல்லாம் க்யூவுக்குத் திரும்புகிறது. எழுதி முடித்ததையே மறுபடி எழுதுகிறீர்கள்.

உறுதி செய்துகொள்ள, அடுத்த முறை அலாரம் அடிக்கும்போது மேனேஜ்மென்ட் பக்கத்தில் கனெக்‌ஷன்ஸ் பட்டியலைப் பாருங்கள். கன்ஸ்யூமர்களின் நிலை 'பிளாக்டு' என்று இருந்தால் வேறு சந்தேகமே வேண்டாம். பப்ளிஷுக்கு ஒரு கனெக்‌ஷன், கன்ஸ்யூமுக்கு வேறு கனெக்‌ஷன். தனிச் சேனல் போதாது, கனெக்‌ஷனே தனியாக வேண்டும். ஆனால் எச்சரிக்கையை அனுப்பி முடித்த பிறகுதான் அக் என்று எழுதியிருந்தால், தனிக் கனெக்‌ஷன் இருந்தும் கன்ஸ்யூமர் அங்கேயே நிற்கும். எச்சரிக்கைகளை டேட்டாபேஸில் ஒரு டேபிளில் எழுதிவிட்டு, வேறொரு சிறிய பிராசஸ் அங்கிருந்து எடுத்து அனுப்பட்டும்.

அடுத்தது பிரீஃபெட்ச், அதாவது அக் வருவதற்கு முன் ஒரு கன்ஸ்யூமரிடம் எத்தனை செய்தி கொடுக்கலாம் என்ற வரம்பு. நீங்கள் வைக்கவில்லை என்று நினைக்கிறேன். வைக்காவிட்டால் வரம்பே இல்லை. முதலில் வந்த நாலு கன்ஸ்யூமர்கள் கையில் லட்சக்கணக்கில் திணித்துவிடும், பின்னால் வந்த எட்டுக்கும் கொடுக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. அப்படிக் கொடுத்துவிட்ட செய்திகள்தான் மெமரியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

தரவுத்தச்சன் சார் கமிட் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 200 செய்தி சேர்ந்ததும் ஒரே இன்சர்ட், ஒரே கமிட், கடைசிச் செய்திக்கு மட்டும் மல்டிபிள் அக் (அதுவரை வந்த எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அக்). பிரீஃபெட்ச் 400 வையுங்கள். அது பேட்ச் அளவைவிடக் குறைவாக இருந்தால் 200 சேரவே சேராது, கன்ஸ்யூமர் காத்துக்கொண்டே நிற்கும். வண்டி குறைவான நேரத்தில் பாதி பேட்ச் தேங்காமல் இருக்க, அரை நொடிக்கு ஒரு முறை இருப்பதை எழுதிவிடும்படியும் வையுங்கள். ஐஎம்இஐ (கருவியின் தனி எண்), கருவியின் நேரம் இரண்டையும் சேர்த்து யுனிக் இண்டெக்ஸ் போட்டு, மோதினால் விட்டுவிடு என்று எழுதினால் இரட்டைப் பதிவும் தீர்ந்தது.

லாரித்தடம்:

அண்ணா, இன்று பார்த்தேன். 12 கன்ஸ்யூமர்களும் பிளாக்டு. கனெக்‌ஷன் ஒன்றேதான், பிரீஃபெட்ச் வைக்கவும் இல்லை. மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். 12 கன்ஸ்யூமர்கள் ஒரே க்யூவிலிருந்து எடுத்தால் ஒரு வண்டியின் பாக்கெட்டுகள் முன்பின்னாகிவிடுகின்றன. வண்டி எல்லைக்குள் நுழைந்த பிறகு 'வெளியேறியது' என்ற பழைய எச்சரிக்கை உரிமையாளருக்குப் போகிறது. நேற்றுகூட ஒருவர் போனில் சத்தம் போட்டார்.

வரிசைக்காரன்:

ஒரு க்யூ என்பது ஒரு எர்லாங் பிராசஸ், ஒரு கோருக்கு மேல் அதனால் பயன்படுத்த முடியாது. அதனால் எப்படியும் பிரிக்கத்தான் வேண்டும். எக்ஸ்சேஞ்ச் என்பது வரும் செய்தியை எந்த க்யூவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் பகுதி. கீயைப் பார்த்துப் பிரிக்கும் கன்சிஸ்டென்ட் ஹாஷ் எக்ஸ்சேஞ்ச் ப்ளகின் ராபிட்டுடனேயே வருகிறது, இயக்கிவிட்டால் போதும். ரூட்டிங் கீயாக ஐஎம்இஐ கொடுங்கள், நாலு க்யூவைக் கட்டுங்கள். ஒவ்வொன்றின் பைண்டிங் கீயிலும் 1 என்று போடுங்கள், அங்கே அது எடை, அதாவது அந்த க்யூவுக்குப் போகும் பங்கு. ஒரு வண்டியின் பாக்கெட் எல்லாம் எப்போதும் ஒரே க்யூவுக்குப் போகும். ஒவ்வொரு க்யூவிலும் சிங்கிள் ஆக்டிவ் கன்ஸ்யூமர் வையுங்கள். ஒன்று எடுக்கும், மற்றது அது விழுந்தால் ஏற்கத் தயாராக நிற்கும். பிறகு க்யூ எண்ணிக்கையை மாற்றினால் சில வண்டிகள் இடம் மாறும், அதை க்யூ காலியாக இருக்கும் நள்ளிரவில் செய்யுங்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். உங்கள் கேட்வே கருவிக்கு 'வந்தது' என்ற பதிலை எப்போது அனுப்புகிறது? ராபிட்டின் பப்ளிஷர் கன்ஃபர்ம் (செய்தியை ஏற்றுக்கொண்டேன் என்ற பதில்) வந்த பிறகுதான் அனுப்ப வேண்டும். பதில் கிடைத்ததும் கருவி அந்தப் பதிவை அழித்துவிடும். ஏஐஎஸ் 140 தரப்படி கருவிக்குள் 40,000 இடப்பதிவுகளாவது நிற்கும். உங்கள் சர்வரின் 4 ஜிபியைவிடப் பாதுகாப்பான கிடங்கு ஒவ்வொரு வண்டியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். க்யூவுக்கு அதிகபட்ச நீளம் வைத்து, நிரம்பினால் ரிஜெக்ட் பப்ளிஷ் என்று போட்டால் கேட்வேக்கு நாக் (ஏற்கவில்லை என்ற பதில்) வரும், கருவிக்குப் பதில் போகாது, பதிவு வண்டியிலேயே இருக்கும். ஒரு விபத்து வழக்கில் அந்தப் பத்து நிமிடப் பதிவு ஒரு ஓட்டுநரைக் காப்பாற்றலாம். அது தொலையக் கூடாது.

கன்ஃபர்முக்கு ஒவ்வொரு செய்தியாக நின்று காத்திருக்காதீர்கள், வேகம் படுத்துவிடும். அனுப்பிக்கொண்டே இருங்கள், வர வரக் கணக்கைத் தீருங்கள்.

தரவுத்தச்சன்:

கன்ஃபர்மில் ஒரு ஓட்டை உண்டு, அதையும் அடைத்துவிடுங்கள். எக்ஸ்சேஞ்சில் எந்த க்யூவும் கட்டப்படாத நேரத்தில் செய்தி போட்டால் ராபிட் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கன்ஃபர்மும் அனுப்பிவிடும். மாண்டேட்டரி கொடி (போக இடமில்லாத செய்தியைத் திருப்பி அனுப்பச் சொல்வது) வையுங்கள், அல்லது மாற்று எக்ஸ்சேஞ்ச் ஒன்று வையுங்கள்.

3.9-இல் ஸ்ட்ரீம்ஸ் (எடுத்த பிறகும் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கும் வகை) வந்துவிட்டதே, அதற்குப் போகலாமா என்றும் யோசித்தேன்.

வரிசைக்காரன்:

மாண்டேட்டரி விஷயம் நல்ல குறிப்பு, நான் சொல்லியிருக்க வேண்டியது. ஸ்ட்ரீம் பழைய தரவைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டியவர்களுக்கு அருமை. இவருக்கு போஸ்ட்கிரெஸ்ஸிலேயே வரலாறு இருக்கிறது, இப்போதைக்குத் தேவையில்லை. கோரம் க்யூவும் (பல நோடுகளில் நகல் வைக்கும் வகை) அப்படித்தான், மூன்று நோடு வாங்கும் நாளில் பேசலாம்.

லாரித்தடம்:

எல்லாம் போட்டாகிவிட்டது. இன்று காலை ரெடி எண்ணிக்கை நன்றாக ஏறியது, அலாரம் வரவில்லை, ஏழரைக்குள் வடிந்துவிட்டது. நாலு க்யூவும் ஏறத்தாழ சமமாக இருந்தன. எச்சரிக்கைகள் வரிசையாகப் போகின்றன. இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

வரிசைக்காரன்:

மகிழ்ச்சி தம்பி. இரண்டு விஷயம். டிஸ்க் அலாரத்தின் இயல்பான வரம்பு வெறும் 50 எம்பி, அது அடிப்பதற்குள் டிஸ்க் நிறைந்துவிடும். குறைந்தது 4 ஜிபி என்று மாற்றுங்கள். அப்புறம் 3.9-க்கு ராபிட் குழுவிடமிருந்து இப்போது திருத்தங்கள் வருவதில்லை. 3.12 முதல் கிளாசிக் க்யூ செய்திகளைப் பெரும்பாலும் டிஸ்கிலேயே வைக்கிறது, உங்கள் காலை நெரிசலுக்கு அது ரொம்பவே உதவும். ஆனால் ஒரேயடியாகத் தாவ முடியாது. 3.10, 3.11 என்று படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் ஃபீச்சர் ஃபிளாக் (புதிய வசதிகளை இயக்கும் சுவிட்ச்) எல்லாவற்றையும் இயக்கிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும். அது சலிப்பாக இருந்தால் பக்கத்தில் புதிய சர்வர் ஒன்றை எழுப்பி, கேட்வேயை அங்கே திருப்பிவிட்டு, பழையது காலியாகும் வரை கன்ஸ்யூமரை இரண்டிலும் ஓட விடுங்கள். வரிசை முக்கியம் என்பதால் பழையது காலியாகும் வரை புதியதில் எல்லை எச்சரிக்கையை மட்டும் நிறுத்தி வையுங்கள்.