உச்சரிப்புச் சிக்கலை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? ஆங்கிலம் கற்றுத்தருபவர்களின் அனுபவங்கள்

நடுநிலைப் பள்ளி ஆசிரியை:

எங்கள் பக்கத்தில் ஆங்கில உச்சரிப்பைச் சோதிப்பது என்றால் பாடத்தை உரக்க வாசிக்கச் சொல்வதுதான். அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வேன். 7ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி, 'நடந்தேன்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் புத்தகத்தில் பார்த்தால் 'வாக்கெட்' என்பாள். நேற்று சாயங்காலம் என்ன செய்தாய் என்று பேச்சுவாக்கில் கேட்டால் 'வாக்ட்' என்று சரியாக வரும். நாக்கில் ஒரு குறையும் இல்லை. எழுதியிருப்பதையெல்லாம் ஒலிக்க வேண்டும் என்று தமிழில் படித்த பழக்கம் அது. 'சம்மர்' என்பதில் மகரத்தை அழுத்துவதும் அப்படித்தான். நமக்குக் கனம் வேறு, கன்னம் வேறு. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லில் இரண்டு எம் இருந்தாலும் ஒலி ஒன்றுதான்.

இன்னொரு பையனின் சிக்கல் வேறு. குண்டூசிக்கும் 'பின்', குப்பைத்தொட்டிக்கும் 'பின்'. இரண்டும் அவன் வாயில் ஒரே மாதிரிதான் வரும். இரண்டின் படத்தையும் மேசையில் வைத்தேன். நோட்டால் என் வாயை மறைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் சொல்லி, எது என்று தொடச் சொன்னேன். கை இங்கேயும் அங்கேயும் அலைந்தது. தமிழில் 'பல்' என்னும்போது ஒரு பகரம், 'கம்பு' என்னும்போது ஒரு பகரம் என்று ஒலி மாறினாலும் அதனால் பொருள் மாறுவதில்லை. அதனால் அந்த வித்தியாசத்தைக் காது கவனிப்பதே இல்லை. காதுக்குத் தெரியாததை வாய் எப்படிச் சொல்லும்? இப்படிப்பட்ட பிள்ளையை எழுப்பி நிற்க வைத்து 'திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லு' என்று விரட்டுவது அநியாயம். முதலில் கேட்கும் பயிற்சி கொடுக்க வேண்டும்.

சென்னையில் கால் சென்டர் குரல் பயிற்றுநர்:

டீச்சர், அந்தப் பகரத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்களிடம் வருபவர்கள் இரண்டையும் நன்றாகக் கேட்டுப் பிரிப்பார்கள். ஆனாலும் போனில் முன்பதிவு எண்ணை எழுத்துக்கூட்டும்போது பாரிஸுக்கு வரும் 'பி', எதிர்முனையில் இருக்கும் அமெரிக்கருக்குப் பெங்களூருக்கு வரும் 'பி'யாகக் கேட்கிறது. காரணம் மூச்சு. அவர்கள் சொல்லின் தொடக்கத்தில் ப, ட, க வரிசை வல்லொலிகளைச் சொல்லும்போது கூடவே காற்று வெடித்து வெளியேறும். நாம் காற்றை விடுவதில்லை. வாய்க்கு முன்னால் ஒரு டிஷ்யூ தாளைத் தொங்கவிட்டுச் சொல்லச் சொல்வேன். நம் 'பல்'லுக்குத் தாள் அசையவே அசையாது. அவர்களுடைய 'பாரிஸு'க்கு எகிறும். இந்த ஒரு சோதனையிலேயே பலருக்குப் புரிந்துவிடும்.

தாயின் த போல நாம் சொல்லும் 'தி', 'திங்க்' போன்றவற்றில் நான் நேரம் செலவழிப்பதில்லை. வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது எது புரிதலைக் கெடுக்கிறது என்று ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், 2000இல் அந்த ஒலியை அவசியமானவற்றில் சேர்க்கவில்லை. மூச்சையும் உயிரின் குறில் நெடிலையும் சேர்த்தார். என் வேலையிலும் அதுதான் நிஜம்.

மதுரையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துபவர்:

ஃபைல் என்பதைப் 'பைல்' என்பவர்கள் என் வகுப்பில் நிறைய. இவர்களுக்குக் காதும் சரி, எழுத்தும் சரி, உதடு மட்டும்தான் பழகவில்லை. எதிரே உட்கார்ந்து வாயைப் பார்த்தால் தெரிந்துவிடும், இரண்டு உதடும் ஒட்டும். வகாரம் பல்லும் இதழும் இயையப் பிறக்கும் என்று தொல்காப்பியம் பிறப்பியலில் சொல்வது இங்கே கைகொடுக்கிறது. 'வ' சொல்ல வாயை வைத்துக்கொண்டு, குரல் கொடுக்காமல் காற்றை மட்டும் ஊதுங்கள் என்பேன். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு அக்காவுக்கு அந்த வகுப்பிலேயே 'ஃபைல்' வந்துவிட்டது. வேகமாகப் பேசும்போது மட்டும் இன்னும் நழுவுகிறது.

எனக்கு ஒரு சந்தேகம். 'ஸ்கூல்' என்பதற்கு முன்னால் 'இ' சேர்த்து 'இஸ்கூல்' என்பவர்களில், அந்த 'இ' தன் காதில் விழாதவர் யார், விழுந்தும் விட முடியாதவர் யார் என்று எப்படிப் பிரிக்கிறீர்கள்? டீச்சர், உங்கள் படச் சோதனை இதற்கு எடுபடுமா?