கன்ஃபார்ம் சோதனை முழுக்கப் பச்சை, ஆனா மின்டகா நட்சத்திரம் மட்டும் மாட்டலை. வானம் இல்லாம டெலஸ்கோப் மௌண்ட் டிரைவரைச் சோதிப்பது எப்படி?

மாடிப்படி_12 | ஞாயிறு, இரவு 10:52

எல்லாருக்கும் வணக்கம். வாணியம்பாடியில மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். சால்டரிங் கைவந்த கலை, கோடிங் யூடியூப் தந்த கலை. அதை மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

எட்டு மாசமா உட்கார்ந்து ஒரு ஈக்குவடோரியல் மௌண்ட் (டெலஸ்கோப்பைத் தாங்கி, நட்சத்திரத்தோட கூடவே திருப்புற தாங்கி) செஞ்சிருக்கேன். ரெண்டு அச்சுக்கும் நெமா 17 ஸ்டெப்பர் மோட்டார், அதை ஓட்ட டிஆர்வி8825 போர்டு, ஒரு ஸ்டெப்பை 32ஆப் பிரிக்கிற மைக்ரோஸ்டெப், 3:1 பெல்ட், 144 பல் வார்ம் வீல். மூளை ஆர்டுவினோ மெகா. அது பேசுறது எல்எக்ஸ்200ங்கற பழைய டெலஸ்கோப் கட்டளை பாஷை. லேப்டாப் பக்கம் நானே பைத்தான்ல எழுதின அல்பாக்கா டிரைவர், அதாவது வானியல் சாஃப்ட்வேருக்கும் மௌண்டுக்கும் நடுவுல பேசுற புரோகிராம். கணக்குப் போட்டா ஒரு சுற்றுக்கு 27,64,800 மைக்ரோஸ்டெப், ஒரு நாளுக்கு 86,400 நொடி, வகுத்தா நொடிக்கு மிகச் சரியா 32. மீதியே இல்லை! அன்னைக்கு ராத்திரி சந்தோஷத்துல தூக்கமே வரலை.

டிரைவர் விதிப்படி நடக்குதான்னு பார்க்கிற கன்ஃபார்ம் யுனிவர்சல் சாஃப்ட்வேர்ல மூணு தடவை ஓட்டிட்டேன். ஒரு பிழை கூடக் காட்டலை. ரிப்போர்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபோன் வால்பேப்பரா வச்சிருந்தேன்னா பார்த்துக்குங்க.

போன வாரம் ஒரே ஒரு ராத்திரி மேகம் விலகுச்சு. மாடிக்குத் தூக்கிட்டுப் போனேன். எங்க ஊர்ல துருவ நட்சத்திரம் பன்னிரண்டரை டிகிரி உயரம்தான், பக்கத்து வீட்டு வாட்டர் டேங்க் அதை மறைக்கும். டேங்குக்கும் புகைபோக்கிக்கும் நடுவுல எப்படியோ புடிச்சு அச்சைத் திருப்பி வச்சேன். அப்புறம் நடந்தது:

முதல்ல திருவாதிரைக்குப் போன்னு சொன்னேன். மேற்கே நல்லாத் தள்ளி நின்னுச்சு. கையை நீட்டி முஷ்டியைப் பிடிச்சா அதுக்குக் கொஞ்சம் கம்மி. சரி, அச்சுப் பிழைன்னு நினைச்சு கையால நகர்த்தி சிங்க் (இப்ப நீ பார்க்கிறது இந்த நட்சத்திரம்தான்னு மௌண்டுக்குச் சொல்றது) கொடுத்தேன். அதுக்கப்புறம் ரீகல் நடு ஐபீஸ்ல வந்துச்சு. வேட்டைக்காரன் (ஓரியன் நட்சத்திரக் கூட்டம்) இடுப்புல இருக்கிற மூணுல அல்நிடக் வந்துச்சு, அல்நிலம் வந்துச்சு. மின்டகா மட்டும் வரலை! மூணு பேரும் பக்கத்துப் பக்கத்துல நிக்கிறாங்க, ஒருத்தன் மட்டும் எப்படிப் போவான்? நாலு தடவை அனுப்பினேன், நாலு தடவையும் அதே தப்பான இடம். கொஞ்சம் வடக்கே தேடினா இல்லை, தெற்கே நகர்த்தினா இருக்கு.

இன்னொண்ணு. சாஃப்ட்வேரை மூடித் திறந்தா சிங்க் போயிடுது, முதல் கட்டளைக்குப் பதிலும் வர்றதில்லை.

இப்ப மறுபடியும் கார்த்திகை மழை. அடுத்த வானம் எப்பன்னு தெரியலை. அதுவரைக்கும் மேஜை மேலயே வச்சு இதையெல்லாம் சோதிக்க வழி இருக்கா? கன்ஃபார்ம் பாஸ் ஆனா வேற என்ன சோதிக்கணும்?

பக்_பிடிக்கிறவள் | திங்கள், காலை 7:15

நான் பகல்ல சென்னையில சாஃப்ட்வேர் டெஸ்டிங், ராத்திரியில வானம். ரெண்டுலயும் கண்ணு கெட்டதுதான் மிச்சம்.

கன்ஃபார்ம் பார்க்கிறது டிரைவரோட நடத்தையை. கேட்டதுக்குப் பதில் சொல்றானா, ஆர்ஏவை (வானத்துல கிழக்கு-மேற்கு இடம், 24 மணிக்குள்ள எண்ணுவோம்) 25 மணின்னு கொடுத்தா மறுக்கிறானா, நகர்ந்துக்கிட்டு இருக்கும்போது நகர்றேன்னு ஒத்துக்கிறானா. மௌண்ட் உண்மையில எங்க பார்க்குதுன்னு அதுக்குத் தெரியாது, நீங்க சொன்னதைத்தான் நம்பும். பாஸ் ஆனது நல்லதுதான், நிறையப் பேருக்கு அதுவே ஆகாது.

உங்க மின்டகா கதையைப் படிச்சதும் சிரிச்சுட்டேன், ஏன்னா நீங்களே விடையை எழுதிட்டீங்க. அல்நிடக்கோட டெக் (வான நடுக்கோட்டுக்கு வடக்கே தெற்கே எவ்வளவுங்கறது, தெற்குன்னா மைனஸ்) −1°57′. அல்நிலம் −1°12′. மின்டகா −0°18′. அந்த மைனஸ் சைபரைப் பாருங்க. டிகிரியைப் பிரிக்க இன்ட் (தசமத்தை வெட்டி முழு எண்ணாக்குற கட்டளை) போட்டிருப்பீங்க. பைத்தான்ல இன்ட்டுக்குள்ள −0.3 போட்டா வெறும் 0 வரும், மைனஸ் காணாமப் போயிடும். மௌண்டுக்குப் போனது +00*17:57, அதாவது 36 ஆர்க்மினிட் வடக்கே (60 சேர்ந்தா ஒரு டிகிரி). முழு நிலாவை விடப் பெரிய தூரம். அன்னைக்குத் திரையில டெக் என்ன காட்டுச்சுன்னு பார்த்தீங்களா?

அந்த முஷ்டிக்குக் கம்மியான தூரமும் அதே இன்ட் வேலையாத்தான் இருக்கும். நம்ம நேரம் யூடிசியை (உலகப் பொது நேரத்தை) விட 5:30 மணி முன்னாடி. எல்எக்ஸ்200ல உள்ளூர் நேரத்தோட எதைக் கூட்டினா யூடிசி வரும்னு கேட்கும், அதனால −5.5 அனுப்பணும். நீங்க −5 அனுப்பியிருப்பீங்க. அரை மணி நேரம்னா வானத்துல 7.5 டிகிரி, அதுவும் மேற்கே. சிங்க் கொடுத்ததும் அது மறைஞ்சுடும், குணமாகாது. மெரிடியன் (உச்சி வழியா வடக்கு-தெற்காப் போற கோடு) எங்கன்னு மௌண்டுக்கு இன்னும் அரை மணி தப்பாத்தான் தெரியும்.

சோதிக்கிற வழி: மௌண்டைக் கழட்டி வச்சுட்டு ஒரு பொய் மௌண்ட் எழுதுங்க. விண்டோஸ்னா காம்0காம், லினக்ஸ்னா சோகாட் வச்சு ரெண்டு போலி சீரியல் போர்ட்டை முட்டி விடலாம். ஒரு முனையில உங்க டிரைவர், மறு முனையில ஐம்பது வரி பைத்தான். வர்ற ஒவ்வொரு எழுத்தையும் நேரத்தோட கோப்புல எழுதட்டும். அப்புறம் வக்கிரமான எண்களா அனுப்புங்க: −0.3, −0.001, 23 மணி 59 நிமிடம் 59.9 நொடி, சரியா 90. நொடி இடத்துல எங்கயாவது 60ன்னு வந்திருந்தா அது அடுத்த பிழை. பொய் மௌண்டை விட்டு அரைப் பதில் சொல்லவும் வைங்க, பதிலே சொல்லாம இருக்கவும் வைங்க. நிஜ மௌண்ட் இதைக் குளிர்ல ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் செய்யும்.

லேத்து_தாத்தா | திங்கள், காலை 11:03

தம்பி, மேல அந்த அம்மா சொன்னதெல்லாம் சரி. எனக்கு கோடு தெரியாது, இரும்பு தெரியும். 32ன்னு மீதியில்லாம வந்ததுன்னு சந்தோஷப்பட்டியே, அங்கேயே எனக்கு உறுத்துச்சு. 86,400 நொடிங்கறது சூரியனோட நாள். நட்சத்திரம் 23 மணி 56 நிமிடம் 4 நொடியில சுத்தி வந்துடும், 86,164. வகுத்துப் பாரு, 32.0876. ஒரு ஸ்டெப் உனக்கு 0.47 ஆர்க்செகண்ட் (3,600 சேர்ந்தா ஒரு டிகிரி), அப்போ நிமிடத்துக்கு ரெண்டரை ஆர்க்செகண்ட் பின்தங்குவ. கண்ணால பார்க்கத் தெரியாது. அஞ்சு நிமிஷம் ஃபோட்டோ எடு, நட்சத்திரமெல்லாம் அரிசி மாதிரி வரும்.

வானம் வேணாம், சுவர் போதும். சாவிக்கொத்துல தொங்குமே சிவப்பு லேசர், அதை டெலஸ்கோப் குழாய் இடத்துல கட்டு. சுவர் அச்சிலிருந்து மூணு மீட்டர். அங்க ஒரு டிகிரின்னா 5.2 சென்டிமீட்டர். ஆர்ஏவை மாத்தாம டெக் மட்டும் −1°12′லிருந்து −0°18′க்கு அனுப்பு. புள்ளி 4.7 செ.மீ. நகரணும். 7.9 நகர்ந்தா அம்மா சொன்ன வியாதிதான். பகல்ல வேட்டைக்காரன் அடிவானத்துக்குக் கீழ இருப்பான், உன் மௌண்ட் போக மறுத்தா லேப்டாப் கடிகாரத்தை ராத்திரிக்கு மாத்திக்க.

குழாயை ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு சோதனை கட்டாயம். அம்புக்குறிப் பொத்தானை அழுத்திப் பிடிச்சு மோட்டார் ஓடும்போது யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கு. நில்லுன்னு சொல்ல ஆள் இல்லாதப்ப மௌண்ட் என்ன செய்யுதுன்னு பாரு.

பண்ணைக்_காற்று | திங்கள், மாலை 6:40

யாழ்ப்பாணத்திலயிருந்து வணக்கம். உந்த அரை மணித்தியாலத்தில நானும் மாட்டினனான். எங்களுக்கு இன்னொரு கூத்தும் இருக்கு: 1996 தொடக்கம் 2006 ஏப்ரல் வரைக்கும் இலங்கை நேரத்தை மாத்தி வைச்சிருந்தவை, முதல் ஆறரை, பிறகு ஆறு. பழைய நேர வலயப் பட்டியல் கிடந்த ஒரு மடிக்கணினி எனக்கு ஆறு எண்டே சொல்லிக்கொண்டு இருந்தது.

நான் செய்தது, வலயத்தையே விட்டிட்டன். திகதியையும் நேரத்தையும் யூடிசியில அனுப்பி, வலயம் சைபர் எண்டு குடுக்கிறன். இல்லாட்டி நேபாளத்தின்ர 5:45ஐக் குடுத்து ஒருக்காச் சோதிச்சுப் பாருங்கோ, ஒரு தசமத்தில அது 5.8 ஆகிப்போகும். நெட்டாங்கையும் (தீர்க்கரேகை) கவனியுங்கோ. எல்எக்ஸ்200 மேற்கைத்தான் கூட்டலா எண்ணும், அதால உங்கட 78°37′ அங்க 281°23′.

சிங்க் போறது டிரைவரின்ர பிழை இல்லை. போர்ட்டைத் திறந்தவுடனே ஆர்டுவினோ ரீசெட் ஆகும், ரெண்டு செக்கனுக்கு ஒண்டும் கேளாது. ரீசெட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் போடுங்கோ. புது புரோகிராம் ஏத்தேக்க கழட்ட மறக்காதேங்கோ.

மாடிப்படி_12 | புதன், இரவு 11:31

அக்கா, தாத்தா, யாழ்ப்பாணத்து அண்ணே, மூணு பேருக்கும் கும்பிடு.

அன்னைக்குத் திரையில டெக் +00:17னுதான் காட்டியிருக்கு. லாக் கோப்புல அப்படியே இருக்கு, நான்தான் பிளஸைப் பார்க்கலை. கடையை ஏழு மணிக்கே சாத்திட்டு லேசர் கட்டினேன். அளந்தா எட்டு செ.மீ.! பிளஸ்-மைனஸ் குறியைத் தனியா எடுத்து வச்சுட்டு மிச்சத்தைப் பிரிச்சேன், இப்ப 4.7. மௌண்ட்லிருந்து வர்ற பதிலைப் படிக்கிற இடத்துலயும் அதே இன்ட் இருந்துச்சு, அதையும் மாத்தினேன். நேரத்தை யூடிசி ஆக்கிட்டேன். ஸ்டெப் இடைவெளி 31,250 மைக்ரோசெகண்ட் இருந்தது, இப்ப 31,165. கப்பாசிட்டர் கடையிலயே கிடந்துச்சு. பொய் மௌண்ட் பாதி எழுதியிருக்கேன், 23:59:60 வரவச்சுக் காட்டிட்டான் அக்கா.

கேபிள் பிடுங்குற சோதனையில மட்டும் தோத்துட்டேன் தாத்தா. பிடுங்கின பிறகும் மோட்டார் ஓடிக்கிட்டே இருந்துச்சு. சிவப்புப் புள்ளி சுவர்ல ஏறி, மாதக் காலண்டரைத் தாண்டி, உத்தரத்துக்குப் போய், நான் பவர் பிளக்கைத் தேடுறதுக்குள்ள எங்க அம்மா தலைக்கு மேல வந்து நின்னுச்சு. ரெண்டு நொடி பேச்சில்லைன்னா தானா நிக்கிற மாதிரி ஆர்டுவினோவுல எழுதணும். அதை எழுதுற வரைக்கும் குழாய் அட்டைப் பெட்டியிலயே இருக்கட்டும்.