தாத்தாவின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் என்ன போடலாம்?

வியாசர்பாடி பேரன்:
தாத்தா போன வாரம் தவறிவிட்டார், 81 வயசு. 1962 சீனப் போர் முடிந்த சூட்டில், அடுத்த வருஷமே மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து வெலிங்டனில் ட்ரெயினிங் எடுத்தவர். 65, 71 பாகிஸ்தான் போர் இரண்டின்போதும் சர்வீஸில் இருந்தார் என்பது வரைதான் வீட்டில் தெரியும். போரைப் பற்றிக் கேட்டால் "குளிருப்பா" என்பார், அதோடு சரி. பதினாறாம் நாள் காரியத்துக்கு போஸ்டர் அடிக்கணும். சித்தப்பா டாங்கி, தேசியக் கொடி, பின்னாடி கோட்டை பக்கத்து வார் மெமோரியல் எல்லாம் வைத்து 'போர்க்கள நாயகன்' என்று போடச் சொல்கிறார். ஆயா "அந்த மனுசனுக்கு இதெல்லாம் புடிக்குமாடா" என்கிறார். டிரங்குப் பெட்டியில் நாலைந்து பதக்கம் இருக்கிறது, ரிப்பன் எல்லாம் கந்தல். எது எதற்கு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாஜி ஹவில்தார்:
தம்பி, ஆழ்ந்த அனுதாபம். பதக்கத்தைப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், விளிம்பில் அவர் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும், அது அழிந்துவிடும். நட்சத்திர வடிவில் இருந்தால் எழுத்தைப் படியுங்கள்: 'சமர் சேவா' என்றால் 65 போர்க்களப் பகுதி, 'பூர்வி' என்றால் 71-இல் கிழக்கு, அதாவது வங்கதேசப் பக்கம், 'பஸ்சிமி' என்றால் மேற்கு எல்லை. வட்டமாக ரக்ஷா, சங்ராம் இருந்தால் அவை அந்தந்தப் போர்க் காலத்தில் சர்வீஸில் இருந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்தவை. டிஸ்சார்ஜ் புக்கைத் தேடுங்கள், யூனிட், ரேங்க் எல்லாம் அதில் இருக்கும். இன்னொன்று, கொடிப் படத்தின் மேல் எழுத்து போடக் கூடாது. டாங்கி வேறு எதற்கு? நாங்கள் இன்ஃபன்ட்ரி, அதாவது காலாட்படை, நடந்தே செத்தோம்!

கொடுங்கையூர் அக்கா:
எங்க நைனாவும் பட்டாளம்தான். ரிட்டயர் ஆகி வந்து பேங்க் வாசலில் செக்யூரிட்டியாக நின்றார், பென்ஷனை நம்பி மூன்று பெண்களைக் கட்டிக் கொடுக்க முடியுமா? தெருவுக்கு மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் அவர் நிற்கிற அன்று சண்டையே வராது. குடத்தை எல்லாம் வரிசையாக வைக்கச் சொல்லி, அம்மா குடத்தையும் கடைசியில்தான் வைப்பார், அதுக்கு வீட்டில் தனியாகத் திட்டு வாங்குவார். எங்க தெருவில் இன்னைக்கும் 'பட்டாளத்தார் வீடு' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். நாங்கள் போஸ்டரில் பெயருக்குக் கீழே ரெஜிமெண்ட், வருஷம், அப்புறம் பேரன் பேத்தி பெயர், அவ்வளவுதான் போட்டோம். நாயகன் எல்லாம் கட்சிக்காரர்களுக்கு விடுங்கள்.

வியாசர்பாடி பேரன்:
ரொம்ப நன்றி. 'பஸ்சிமி'தான் இருக்கிறது, அப்போ டிசம்பர் மாச மேற்கு எல்லை, குளிருக்கு இப்போதான் கணக்கு புரிகிறது. டிஸ்சார்ஜ் புக்கும் கிடைத்தது, ரேங்க் நாயக் (ஹவில்தாருக்கு ஒரு படி கீழே) என்று இருக்கிறது, நாங்கள் இத்தனை நாள் ஹவில்தார் என்றே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம், அவரும் திருத்தவில்லை, கிழவர்! சித்தப்பா டாங்கியை விட்டுவிட்டார். யூனிபார்ம் போட்டோவா, ஆயாவோடு எடுத்த கல்யாண போட்டோவா என்பதில்தான் இப்போ தகராறு.

மாஜி ஹவில்தார்:
ரெண்டையும் போடுங்கள். போஸ்டர் கிடக்கட்டும், இறப்புச் சான்றிதழ் வந்ததும் ராணுவப் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் பதிந்து ஆயாவுக்கு ஃபேமிலி பென்ஷன் மாற்றுங்கள். பிபிஓ-வில், அதாவது பென்ஷன் உத்தரவில், ஆயா பெயரும், ஆதாரில் இருக்கிற பெயரும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிப் பேர் அங்கேதான் மாட்டுகிறார்கள்.