வாக்குத்தத்த கார்டுல யோசுவா 1:9 வந்துச்சு, ஆனா கால் நகர மாட்டேங்குது

சாயர்புரத்துக்காரி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரெண்டு வருஷமா இங்க வாசிச்சிட்டு மட்டும்தான் இருக்கேன், இன்னைக்குத்தான் எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

நான் ஸ்டாஃப் நர்ஸ், வயசு 33, கோயம்புத்தூர்ல ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஐசியூல வேலை. போன வருஷம் எங்க சபையில மிஷனரி ஞாயிறுக்கு ஜார்கண்ட்ல இருந்து ஒரு டாக்டரம்மா வந்து பேசினாங்க, சந்தால் பர்கானா பக்கம் சின்ன மிஷன் ஆஸ்பத்திரி, 30 கட்டில், படிச்ச நர்ஸ் மூணே பேரு. ஆராதனை முடிஞ்சு வெளிய டீ குடிச்சிட்டு இருக்கும்போது என்கிட்ட வந்து "நீ ஐசியூவாம்மா? ரெண்டு வருஷம் வர்றியா?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான் கேட்டாங்க, வற்புறுத்தல, போன் நம்பர் மட்டும் எழுதிக் குடுத்துட்டு போயிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி போன தூக்கம்தான்.

அப்புறம் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை. பன்னெண்டு மணி அடிச்சதும் ஐயர் (எங்க சபை போதகர்) வாக்குத்தத்தக் கார்டுத் தட்டை நீட்டினாரு, புது வருஷத்துக்கு ஆளுக்கு ஒரு வசனம், எடுத்துப் பாத்தா "நீ போகும் இடமெல்லாம் உன் தேவனாகிய கர்த்தர் உன்னோடே இருக்கிறார்". பெரியம்மா பக்கத்துல எட்டிப் பாத்துட்டு அங்கயே அழ ஆரம்பிச்சிட்டாங்க, கர்த்தர் பேசிட்டாரு இனிமே என்னடீ யோசனைன்னு. எட்டு மாசம் ஆச்சு. கார்டு பைபிளுக்குள்ள இருக்கு, நான் இங்கயே இருக்கேன்.

பயம் என்னன்னு கேட்டீங்கன்னா, இந்தி சுத்தமா வராது. அம்மாவுக்கு சுகர், இன்சுலின் போடுறாங்க, அண்ணன் தூத்துக்குடில இருக்கான் ஆனா அவனுக்கும் குடும்பம் இருக்கு. சம்பளம் பாதிக்கும் கீழ போயிடும். கல்யாணமும் ஆகல, போயிட்டு வந்தா 35, சொந்தக்காரங்க இப்பவே பேசுறத பேசுறாங்க. இது எல்லாத்தையும் விட, அவர் கூட இருக்கார்ன்னு எனக்குத் தெரியும், சண்டே ஸ்கூல்ல இருந்து தெரியும், ஆனா தெரிஞ்சும் வயித்துல ஒரு பந்து உருண்டுகிட்டே இருக்கு. போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, உங்களுக்கு மனசுல சமாதானம் வந்த பிறகுதான் போனீங்களா? இல்ல எனக்கு விசுவாசமே இல்லையா?

பழைய_பிரஸ்காரன்:

தங்கச்சி, கோவிச்சுக்காம கேளு. நான் பாளையங்கோட்டைல ஒரு பிரஸ்ல இருபத்திரெண்டு வருஷம் இருந்தவன், இந்தக் கார்டு எல்லாம் நாங்க அடிக்கிறதுதான். செப்டம்பர்லயே லிஸ்ட் வந்துடும், ஒரு ஷீட்டுக்கு நாப்பது வசனம் போட்டு பிளேட் பண்ணுவோம், ஓரத்துல ரோஜாப்பூ. யோசுவா 1:9 இல்லாத லிஸ்ட்ட நான் பாத்ததே இல்ல, ஏசாயா 41:10, எரேமியா 29:11 எல்லாம் அப்படித்தான். பெரிய சபைக்கு ஆயிரம் கார்டுன்னா ஒவ்வொரு வசனமும் இருபத்தஞ்சு பேருக்குப் போகும். உன் சபையில அன்னைக்கு யோசுவா 1:9 எடுத்த மத்த இருபத்து நாலு பேரும் ஜார்கண்ட் போறாங்களான்னு ஐயர்கிட்ட கேட்டுப் பாரு.

கடவுள் கார்டுல பேச மாட்டாருன்னு சொல்ல வரல, கழுதை வாயாலயே பேசினவரு. ஆனா லிஸ்ட்ல எது வராதுன்னும் எனக்குத் தெரியும். ஏசாயா 6:8, "இதோ அடியேன் இருக்கிறேன், என்னை அனுப்பும்", அது நல்லா போகும். அதே அதிகாரத்துல மூணு வசனம் தள்ளி, எதுவரைக்கும் ஆண்டவரேன்னு கேட்டதுக்கு பட்டணங்கள் குடியில்லாம பாழாகுற வரைக்கும்ன்னு பதில் வருது பாரு, அத எந்த சபையும் கேட்டு வாங்கினதில்ல. கார்டுல இருக்குறது பாதி வசனம்தான். பைபிள தொறந்து மீதியையும் வாசிச்சிட்டு முடிவு பண்ணு.

ஐயரம்மா_நாசரேத்:

பிரஸ்காரர் சொல்லுதது சரிதான், ஆனா பிள்ளைய ரொம்ப மிரட்டிட்டாரு.

ஏம்மா, சமாதானம் வந்தப்புறம் போகணுமான்னு கேட்டல்லா, அதுக்கு யாத்திராகமம் 3, 4 ரெண்டு அதிகாரத்தையும் ஒரே மூச்சா வாசி. மோசே "நான் எம்மாத்திரம்"ன்னு கேக்கான். ஆண்டவர் அதுக்கு, நீ அரண்மனைல வளந்தவன், உனக்கு எகிப்து பாஷை தெரியும், உன்னாலதான் முடியும்ன்னு ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருக்கலாம், அதெல்லாம் உண்மைதான். "நான் உன்னோடே இருப்பேன்", அது மட்டுந்தான் பதில். அடுத்து அடையாளம் ஒண்ணு குடுக்கார் பாரு, எங்க வீட்ல ஐயர் இதப் பிரசங்கம் பண்ணும்போதெல்லாம் எனக்கு சிரிப்புதான் வரும். ஜனங்கள எகிப்துல இருந்து கூட்டிட்டு வந்தப்புறம் இந்த மலைல ஆராதனை பண்ணுவீங்க, நான் உன்னை அனுப்பினேன்கதுக்கு அதுதான் அடையாளமாம். வந்தப்புறமாம்! போறதுக்கு முன்னால அவன் கையில ரசீது கிடையாது.

அவன் சமாதானமா கிளம்பினான்னு நினைக்கியா? ஜனங்க என்னை நம்ப மாட்டாங்கங்கான், திக்குவாய்ங்கான், கடைசில வெக்கத்த விட்டு வேற யாரையாவது அனுப்புமேங்கான். ஆண்டவருக்குக் கோவம் வந்துட்டு, அப்படியே எழுதியிருக்கு. ஆனா கோவத்தோட கோவமா உன் அண்ணன் ஆரோன் எதுக்க வாறான், அவன் பேசுவான்னு ஆளையும் குடுக்கார். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். பயந்தவனத் தள்ளி விட்டுடல, துணைக்கு ஆள் தந்தார். உனக்கு ஆரோன் யாருன்னு பாத்தியா? தனியாவே போகணும்ன்னு யாரும் சொல்லலயே.

ஐயருக்கு முதல் சபை திசையன்விளைக்கு அந்தப் பக்கம் ஒரு தேரிக்காட்டு கிராமம். நான் கல்யாணமாகி மூணு மாசம், கிணத்துத் தண்ணி உப்பு, சோறு வடிச்சா மஞ்சளா இருக்கும். சமாதானமாவது ஒண்ணாவது, டெய்லி சாயங்காலம் வாசல்ல உக்காந்து பஸ் வருதான்னு பாத்துட்டு இருப்பேன், ஏறிப் போயிடலாம்ன்னு. பதினோரு வருஷம் இருந்தோம் அங்க.

லேப்_தம்பி:

அக்கா, நீங்க சொல்ற ஏரியாலதான் நான் மூணு வருஷம் லேப் டெக்னீஷியனா இருந்தேன், ஆஸ்பத்திரி வேற. அதனால எழுதுறேன், இல்லாட்டி எழுத மாட்டேன்.

அங்க காலா அசார் உண்டு, மணல் ஈ கடிச்சு வர்றது, மண் சுவர் விரிசல்லயும் மாட்டுக்கொட்டாய்லயும் அது இருக்கும். காய்ச்சல் வாரக்கணக்கா விடாது, மண்ணீரல் வீங்கி வயிறு தள்ளி இருக்கும், கை கால் குச்சி மாதிரி. நான் அங்க போயி மூணாவது மாசம் ஒரு ராத்திரி, ஏழு வயசுப் பையன அவங்கப்பா தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தாரு. கரண்ட் இல்ல, ஜெனரேட்டர்ல டீசல் கம்மி, வார்டுக்கு மட்டும் போட்டிருந்தாங்க. நான் டார்ச்ச வாயில கடிச்சிகிட்டு ஸ்ட்ரிப்ல ஒரு சொட்டு ரத்தம் விட்டு பஃபர் ஊத்திப் பாக்குறேன், ரெண்டு கோடு, பாசிட்டிவ். ஹீமோகுளோபின் 3. ரத்தம் வேணும், அப்பா குடுக்க பயப்படுறாரு, ரத்தம் குடுத்தா வயல்ல வேலை செய்ய முடியாதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. பையன் பி பாசிட்டிவ், நானும் அதேதான், குடுத்தேன். விடியக்காலைல பையன் போயிட்டான்.

கர்த்தர் கூட இருக்கார்ன்னு அன்னைக்கு எனக்கு துளி கூட தோணல. மாடிப்படில உக்காந்திருந்தேன், அங்க கூட்டிப் பெருக்குற மாசி (சித்திங்கிற மாதிரி) ஒருத்தங்க, சந்தாலி தவிர வேற எதுவும் பேச மாட்டாங்க, எவர்சில்வர் டம்ளர்ல வெல்லம் போட்ட டீ கொண்டு வந்து வெச்சிட்டு பக்கத்துல உக்காந்துட்டாங்க, ஒண்ணுமே பேசல, எனக்கு டூட்டி மாறுற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு அதே அப்பா சின்னப் பொண்ண சைக்கிள் கேரியர்ல வெச்சு கூட்டிட்டு வந்தாரு, இந்தத் தடவ காய்ச்சல் வந்து பதினஞ்சு நாள்லயே. அதுக்கும் பாசிட்டிவ், மருந்து ட்ரிப்ஸ்ல ஏத்தினோம், நடந்து வீட்டுக்குப் போச்சு. இத மேடைல சாட்சியா சொல்லச் சொல்லி கேப்பாங்க, நான் சொல்றதில்ல, ஏன்னா கைதட்டுவாங்க, அந்தப் பையனுக்கு நான் என்ன பதில் சொல்றது. ஆனா அந்த அப்பா திரும்பி வந்தாரே, நாங்க பிள்ளைய காப்பாத்தாத இடத்துக்கு. அதத்தான் நான் இன்னும் நினைச்சுட்டே இருக்கேன்.

சமாதானம் எனக்கு வரல அக்கா. பழக்கம்தான் வந்துச்சு. இந்தி ஆறு மாசத்துல வந்துடும், ஆனா வார்டுல பாதிப் பேரு சந்தாலிதான் பேசுவாங்க.

நேர்பேச்சு:

எல்லாரும் உருகுறீங்க, அம்மா இன்சுலின பத்தி ஒருத்தர் கூட பேசல. மாற்கு 7-ல இயேசு கொர்பான்னு ஒண்ண சொல்லித் திட்டுறாரே, பெத்தவங்களுக்குச் செய்ய வேண்டியத கடவுளுக்குக் காணிக்கைன்னு சொல்லித் தப்பிக்கிறத? ஊழியம்னு பேரு வெச்சா எல்லாம் சரியாயிடுமா. எங்க சித்தப்பா ஊழியத்துக்குப் போனாரு, ஆச்சிய பாத்துக்கிட்டது எங்கம்மா. சாட்சிப் புஸ்தகத்துல எங்கம்மா பேரு வரல.

ஐயரம்மா_நாசரேத்:

நேர்பேச்சு தம்பி, உங்கம்மாவுக்கு என் வணக்கத்த சொல்லு. நீ கேட்டது நியாயமான கேள்வி. முதல்ல அம்மாட்ட கேக்கணும், அப்புறந்தான் எங்கள்ட்ட.

வேலூர்_பேட்ச்:

நானும் நர்ஸ். எங்க காலேஜ்ல முதல் வருஷமே, வேலூர் ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் கதைய சொல்லிடுவாங்க, திண்டிவனத்துல ஒரே ராத்திரி மூணு வீட்டுக்காரங்க வந்து பொண்டாட்டி பிரசவத்துல கஷ்டப்படுறா வாங்கன்னு கூப்பிட்டது, ஆம்பள டாக்டர் பாக்கக் கூடாதுன்னு அப்பாவ வேண்டாம்ன்னது, காலைல அந்த மூணு பொம்பளைங்களும் செத்துப் போனது. ஐடா மிஷனரி ஆகக் கூடாதுன்னே இருந்தவங்க. அவங்களுக்கு வந்தது வாக்குத்தத்தக் கார்டு இல்ல, மூணு சாவு. அதுக்கப்புறம் நடந்தத ஸ்கிட்ல போட மாட்டாங்க: டாக்டருக்குப் படிச்சிட்டு 1900-ல திரும்பி வர்றாங்க, அப்பாகிட்ட தொழில் கத்துக்கலாம்ன்னு, வந்த சில மாசத்துல அப்பா இறந்துட்டாரு. கூட நிப்பார்ன்னு நம்பி வந்த ஆளே இல்ல. நர்சிங் ஸ்கூல் 1909, மெடிக்கல் ஸ்கூல் 1918, எல்லாம் அதுக்கு அப்புறம்.

இன்னொண்ணு, நம்ம தெற்கத்தி ஆளு அசரியா. வெள்ளாளன்விளைல பொறந்தவரு. 1902-ல யாழ்ப்பாணம் போயி அங்க உள்ள தமிழ்க் கிறிஸ்தவங்க சொந்தக் காசுல மிஷன் வேலை செய்யுறத பாத்துட்டு வந்து, 1903-ல பாளையங்கோட்டைல இந்தியன் மிஷனரி சங்கம் ஆரம்பிச்சாரு, தெலுங்கு பேசுற தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினாரு. அனுப்பிட்டு இருந்தவரு 1909-ல குருப்பட்டம் வாங்கி தானே கிளம்பிப் போனாரு, தெலுங்கு படிச்சாரு, 1912-ல பிஷப். மத்தவங்கள அனுப்புறது சுலபம்ன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கும் போல. சிஸ்டர், உங்க பெரியம்மாவ கேளுங்க, அவங்க வர்றாங்களான்னு, ஹாஹா.

ப்ராக்டிகலா ஒண்ணு கேக்கவா? ரெண்டு வருஷம்ன்னு ஏன் எடுத்த எடுப்புல. சம்பளமில்லா லீவு கேட்டுப் பாருங்க.

சாயர்புரத்துக்காரி:

மூணு நாள் கழிச்சு வர்றேன், டூட்டி. எல்லாரோடதையும் திரும்பத் திரும்ப வாசிச்சேன். லேப் தம்பி எழுதினத நைட் ஷிஃப்ட்ல வாசிச்சிட்டு பாத்ரூம்ல போயி அழுதேன்.

நேர்பேச்சு அண்ணா கேட்டது சுருக்குன்னு குத்துச்சு, ஏன்னா அம்மாகிட்ட நான் கேக்கவே இல்ல. அவங்க வேண்டாம்ன்னு சொன்னா நல்லதுன்னு உள்ளுக்குள்ள நினைச்சிருக்கேன் போல. சனிக்கிழமை ஊருக்குப் போயி கேட்டேன். அம்மா முறுக்கு சுத்திட்டு இருந்தாங்க, நிமிந்து கூட பாக்கல, "எனக்கு ஊசி போடக் கத்துக்குடுத்தது நீதான, நாலு வருஷமா நானேதான போட்டுக்கிறேன்"ன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, நீ அந்தக் கார்ட பைபிள்ல வெச்சிட்டு மூஞ்சிய தூக்கி வெச்சிட்டு திரியுறத பாக்கத்தான் முடியலன்னாங்க. அண்ணன் வாரம் ஒருதடவ வர்றேன்னு சொல்லியிருக்கான், அண்ணி சொல்ல வெச்சாங்க.

டாக்டரம்மாகிட்ட பேசினேன். நவம்பர்ல இருந்து மூணு மாசம், சம்பளமில்லா லீவு, சூப்பரிண்டென்ட் முணுமுணுத்துட்டே கையெழுத்து போட்டாங்க. பந்து இன்னும் வயித்துலதான் இருக்கு, குறையல. ஐயரம்மா, ஆரோன் கிடைச்சிட்டா, என் கூட படிச்சவ ஒருத்தி முதல் ரெண்டு வாரம் கூட வர்றேங்குறா, சுத்திப் பாக்கவாம்.

லேப் தம்பி, எந்த ட்ரெயின்? குளிருக்கு என்ன எடுத்துட்டு வரணும்?

லேப்_தம்பி:

அக்கா, ஆலப்புழா தன்பாத் எக்ஸ்பிரஸ் கோயம்புத்தூர் வழியாத்தான் போகும், மாறாம தன்பாத் போயிடலாம், ரெண்டு ராத்திரி. காட்பாடில பாதி கம்பார்ட்மென்ட் நிறைஞ்சிடும், வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டு ஊர் திரும்புறவங்க, அவங்ககிட்டயே இந்திய ஆரம்பிச்சிடுங்க, பேச்சுத் துணைக்குப் பஞ்சமே இருக்காது. கீழ் பெர்த் கிடைச்சாலும் யாராவது ஆபரேஷன் பண்ணினவங்க கேப்பாங்க, குடுக்க வேண்டி வரும், அதனால நடு பெர்த்தே போடுங்க.

ஸ்வெட்டர் இங்க வாங்காதீங்க, ரஜாயும் (பஞ்சு வெச்ச தடிப் போர்வை) அங்க சந்தைலயே கிடைக்கும், நம்ம ஊர் போர்வை எல்லாம் டிசம்பருக்குக் காணாது. இட்லிப் பொடி, புளி, காபித்தூள் கொண்டு போங்க. நல்ல ஹெட் டார்ச் ரெண்டு, எனக்கு இருந்திருந்தா வாயில கடிச்சிருக்க வேண்டாம். தேங்காயெண்ணெய அகல வாய் டப்பாவுல ஊத்திக்கோங்க, பாட்டில்ல இருந்தா உறைஞ்சு போயி வெளிய வரவே வராது.