அப்பாவின் கால் சேற்றில் மாட்டியது போல

மன்னார்குடி பக்கத்திலிருந்து:

2019-ல் அப்பாவுக்கு மூளையில் லிம்ஃபோமா என்ற புற்றுநோய்க் கட்டி. வயது 63. சென்னையில் மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தை அதிக டோஸில் ஏற்றி, பிறகு தலை முழுவதுக்கும் கதிர்வீச்சு. கட்டி கரைந்தது. அடுத்த குறுவைக்கே மண்வெட்டியோடு வயலுக்குக் கிளம்பிவிட்டார்.

ஒன்றரை வருஷம் கழித்துத்தான் மாற்றம் தெரிந்தது. மடையைத் திறந்துவிட்டு அடைக்க மறந்து வந்துவிடுவார். பக்கத்து வயல்காரர் வந்து சத்தம் போடுவார். நடந்தால் சேற்றில் மாட்டியது போல் பாதம் தரையை விட்டு எழும்பாது. வேட்டி நனைவதை அவர் மறைத்தார், நாங்கள் 'வயசு' என்றோம். ஒருநாள் நான் கத்தியும் விட்டேன். நினைத்தால் இன்னும் சோறு இறங்காது.

நோய் திரும்பிவிட்டதோ என்று பயந்து எம்ஆர்ஐ எடுத்தோம். கட்டி இல்லை. மூளையின் வெண்பகுதிதான் இரண்டு பக்கமும் கெட்டிருந்தது. நரம்பிழைக்கு உறை போடும் செல்களையும் நுண்ணிய ரத்தக்குழாய்களையும் கதிர்வீச்சு கெடுக்குமாம். மருந்தை மூளைக்குள் விடாத தடுப்பும் தளர்வதால் மெத்தோட்ரெக்சேட்டின் பாதிப்பும் கூடுமாம். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து அதிகம், 60-ஐத் தாண்டியவர்களுக்கு இன்னும் அதிகம் என்றார் டாக்டர். முதலிலேயே சொல்லியிருந்தார்கள், கையெழுத்தும் போட்டிருக்கிறேன். உயிர் பிழைத்தால் போதும் என்றிருந்த நேரத்தில் எது காதில் ஏறும்?

முழு மறதி இல்லை. வயலின் பெயரைக் கேட்டால் முழிப்பார். முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தால் சொல்லிவிடுவார். பதில் வர நேரமாகும், அவ்வளவுதான். காத்திருக்கப் பழகிவிட்டோம். 2023 ஜூன் 12 காலையில் 'மேட்டூர் திறந்துட்டாங்கப்பா' என்றேன். பேச்சில்லை. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது, 'நமக்கு வர இன்னும் பத்து நாள் ஆகும்டா' என்றார்.

கும்பகோணத்திலிருந்து:

தம்பி, படித்ததும் தங்கை ஞாபகம். 1987-ல் அவளுக்கு 5 வயசு, ரத்தப் புற்றுநோய். முதுகுத்தண்டில் மெத்தோட்ரெக்சேட் ஊசி, தலைக்குக் கதிர்வீச்சு. அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். இப்போது பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தலையில் கதிர் கொடுப்பதில்லை என்பது ரொம்பப் பிந்தித்தான் எங்களுக்குத் தெரிந்தது. பிழைத்தாள், வாய்ப்பாடுதான் ஏறவில்லை. 'மந்தம்' என்று வாத்தியார் முட்டி போட வைத்தார். காரணம் எங்களுக்கே தெரியாதபோது அவரை என்ன சொல்ல?

இப்போது வீட்டில் வெற்றிலை அடுக்குகிறாள். அவள் எண்ணிக் கட்டிய கவுளியை, அவள் தூங்கின பிறகு அம்மா பிரித்து மறுபடி எண்ணுவாங்க.